பொடிநடைத் தூரம்

தூரத்தைச் சொல்லத் தமிழில் கிலோமீட்டர் வருவதற்கு முன்பே சொற்கள் இருந்தன: கூப்பிடு தூரம், பொடிநடைத் தூரம், ஓர் எட்டு போய்விட்டு வந்துவிடும் தூரம். மூன்றும் மனித உடலை வைத்து அளந்தவை. முதல் சொல் குரலால் அளக்கிறது, மற்ற இரண்டும் காலால். வீட்டுமனைத் திட்டமிடலில் இன்று ‘நடக்கத் தக்க குடியிருப்பு’ என்று பேசப்படுவதும் இதே அளவைத்தான். பால், மளிகை, ரேஷன் கடை, தொடக்கப்பள்ளி, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவை வீட்டு வாசலிலிருந்து பொடிநடையில் எட்ட வேண்டும். போகும் வழியும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் பயமில்லாததாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குடியிருப்பு வண்டியை நம்பிய குடியிருப்பாகிவிடுகிறது.

சாதாரண நடையின் வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 80 மீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் 400 மீட்டர் ஐந்து நிமிட நடை, 800 மீட்டர் பத்து நிமிட நடை. ஐந்து நிமிடம் என்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் கிளம்புவார்கள். பத்து நிமிடம் என்றால் வெயிலைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் கை தானாக வண்டிச் சாவியைத் தேடும். உலகெங்கும் திட்டமிடுநர்கள் 400 மீட்டரையும் 800 மீட்டரையும் அடிப்படை அளவாகக் கொள்வதற்கு இந்தச் சாதாரண மனித சுபாவமே காரணம்.

தர்மபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பென்னாகரத்திலிருந்து காட்டு வழியே மலைப்பாதையில் இறங்கினால் வரும் ஒகேனக்கல்லை அருவிக்காகவும் பரிசலுக்காகவும் எல்லோருக்கும் தெரியும். நடக்கத் தக்க குடியிருப்பு என்ற கண்ணோடு அதை யாரும் பார்ப்பதில்லை. ஒருபுறம் காவிரி, மற்ற புறங்களில் காப்புக்காடும் குன்றும் இருக்க, சின்னாறு காவிரியில் சேரும் இடத்தை ஒட்டிய ஒடுங்கிய நிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. பேருந்து நிலையம், கடைத்தெரு, கோயில், மீன் கடைகள், எண்ணெய் தேய்த்துவிடும் துறை, பரிசல் துறை எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும்படி நெருங்கிக் கிடக்கின்றன. பரிசல் ஓட்டிகள், மசாஜ் செய்பவர்கள், பயணிகள் வாங்கிவரும் மீனைக் குழம்பு வைத்தும் பொரித்தும் தரும் பெண்கள் எனப் பலர் ஊட்டமலை போன்ற பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். ஒரு துறையில் பயணிகளை இறக்கிவிட்டபின் ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் சுமந்து, பாறை தாண்டி அடுத்த துறைக்கு நடந்துபோவது அங்கே அன்றாடக் காட்சி. தொலைவிலிருந்து பார்த்தால் மூங்கில் பின்னலால் ஆன ஒரு பெரிய ஆமை எழுந்து நடப்பது போலிருக்கும்.

இந்த நெருக்கம் எந்தத் திட்டமிடுநரும் போட்ட கோட்டால் வந்ததல்ல. விரிவதற்கு இடமில்லாததால் வந்தது. காடு ஒரு வேலி, ஆறு ஒரு வேலி. இயற்கை போட்ட எல்லைக்குள் கடையும் வீடும் வேலையும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டன. அதற்கு விலையும் உண்டு. கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்படும்போது, 2024-இல் நடந்ததுபோல், நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டிவிடும். அப்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வரும், தாழ்வான கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகும். நடக்கத் தக்கது என்பது குடியிருப்பின் ஒரு குணம்தான். பாதுகாப்பான மேட்டு நிலம், குடிநீர், வடிகால் ஆகியவற்றுக்கு அது ஈடாகாது.

ஒகேனக்கல்லிலிருந்து மேட்டில் ஏறி பென்னாகரம், தர்மபுரி பக்கம் போனால் வேறொரு குடியமைப்பு தெரியும். இந்த மாவட்டத்தில் ஊர்ப் பெயர்கள் பலவற்றின் வாலில் ‘கொட்டாய்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். நிலத்துக்குக் காவலாகவும் மாட்டுக்கு வசதியாகவும் உழவர் குடும்பம் ஒவ்வொன்றும் தன் வயலிலேயே வீடு கட்டிக்கொண்டதால் உண்டான சிதறிய குடியிருப்புகள் இவை. வேலை வீட்டு வாசலிலேயே இருந்ததால் அந்தக் காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. வேலைக்கான நடை மிச்சமானது, கடைக்கும் பள்ளிக்குமான நடை நீண்டது. இன்று வேலையும் வெளியே போய்விட்ட குடும்பத்துக்கு அதே கொட்டாயில் இரண்டு பக்கமும் தூரம்தான்.

நடைத் தூரத்தை வைத்து ஒரு குடியிருப்பையே வரையலாம் என்ற எண்ணத்தை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் அமெரிக்கத் திட்டமிடுநர் கிளாரன்ஸ் பெர்ரி. 1929-இல் அவர் வெளியிட்ட ‘அண்டையலகு’ வரைபடத்தில் நடுவில் தொடக்கப்பள்ளி இருந்தது, அதைச் சுற்றிக் கால் மைல் ஆரத்தில் வீடுகள். கால் மைல் என்பது 400 மீட்டர். வாகனச் சாலை ஓரமாகச் சுற்றிப் போகும், கடைகள் மூலைகளில் இருக்கும், மக்கள்தொகை ஐந்தாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில். பள்ளிக்குப் போகும் பிள்ளை பெரிய சாலையைக் கடக்கக் கூடாது என்பதே வரைபடத்தின் உயிர். 1961-இல், நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் இதைவிட ஆழமான ஒன்றைச் சுட்டினார். தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது காவலர் மட்டும் அல்ல, கடைக்காரரும் சன்னலில் நிற்பவரும் போகிறவர் வருகிறவரும்தான் என்றார். திண்ணை வைத்துக் கட்டிய தமிழ்த் தெருவுக்கு இது புதிய செய்தி அல்ல. திண்ணையை இடித்துவிட்டு காம்பவுண்டு சுவர் எழுப்பிய தெருவுக்குத்தான் புதிய செய்தி.

பெர்ரியின் வட்டத்துக்குள் நம் ஊர் மனைகளில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். 400 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 50 ஹெக்டேர், ஏறத்தாழ 124 ஏக்கர். சாலைக்கும் பூங்காவுக்கும் பொது இடத்துக்கும் நாற்பது விழுக்காடு போனால் மனைக்கு மிஞ்சுவது 74 ஏக்கர். மனை ஒன்று 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட் என்றால் ஏக்கருக்கு 36 மனை, மொத்தம் சுமார் 2,700 மனை. வீட்டுக்கு நான்கு பேர் வீதம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து நிமிட நடைக்குள் வந்துவிடுகிறார்கள். தொடக்கப்பள்ளி ஒன்றுக்கும் இரண்டு மூன்று மளிகைக் கடைகளுக்கும் மருந்துக்கடைக்கும் டீக்கடைக்கும் பால் பூத்துக்கும் இந்தக் கூட்டம் தாராளமாகப் போதும்.

தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓரங்களில் கொடி கட்டி விற்கப்படும் மனைப்பிரிவுகள் பலவற்றில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மனைகள் எல்லாம் விற்றிருக்கும், ஆனால் பத்தில் ஒன்றில்தான் வீடு எழுந்திருக்கும். மற்றவை பிள்ளையின் படிப்புக்கு, பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்டவை. அப்போது அதே வட்டத்தில் இருப்பவை 270 வீடுகள், ஆயிரம் பேர். அதை நம்பி யாரும் மளிகைக் கடை திறக்கமாட்டார், பேருந்தும் நின்று போகாது. கடை இல்லாததால் வீடு கட்டத் தயக்கம், வீடு இல்லாததால் கடை வைக்கத் தயக்கம். எல்லைக் கற்களுக்கு நடுவே வேலிக்கருவேலம் வளர்ந்து நிற்கும் மனைப்பிரிவுகளின் கதை பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

குழாய்க்கும் இதே கணக்குதான். ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டுவந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பானியக் கடனுதவியுடன் ரூ.1,928.80 கோடியில் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரை ஆற்றுப் பள்ளத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏற்றுவது அதில் ஒரு பாதி வேலை என்றால், சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. முப்பதடி முகப்புள்ள மனைகள் தெருவின் இருபுறமும் வரிசையாக இருந்தால் வீடு ஒன்றுக்கு 15 அடிக் குழாய் போதும். பத்தில் ஒரு மனையில் மட்டும் வீடு என்றால் வீட்டுக்கு 150 அடி ஆகிறது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இதே பெருக்கல்தான். நடையைக் குறைக்கும் நெருக்கம் ஊராட்சியின் செலவையும் குறைக்கிறது.

வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது காலுக்குத் தூரமாக இருக்கலாம். காக்கை பறக்கும் தூரத்துக்கும் கால் நடக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் குடியிருப்பின் முக்கியமான அளவு. சதுரம் சதுரமாகத் தெரு வெட்டிய பழைய ஊரில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போனாலும் நேர்கோட்டுத் தூரத்தைப்போல் அதிகபட்சம் 1.41 மடங்குதான் நடக்க வேண்டும். முட்டுச்சந்துகளும் ஒரே நுழைவாயிலும் வைத்த மனைப்பிரிவில் இந்த விகிதம் எங்கேயோ போய்விடும். சுவருக்கு அந்தப்பக்கம் நூறு மீட்டரில் இருக்கும் பள்ளிக்கு, வாயில் வரை போய் நெடுஞ்சாலை ஏறிச் சுற்றி வர ஒரு கிலோமீட்டர் ஆகும். இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஆறடி அகலத்தில் ஒரு சந்து விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். விற்பனைக்கு வந்த நிலத்தில் ஆறடியை விட மனசு வராது. தெரு தொடர்ந்து போவது பக்கத்து நிலக்காரருக்குத்தானே லாபம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. நடைக்கு இழைக்கப்படும் கேடுகளில் இந்தச் சுவர்தான் மிக மலிவானது, மிக நீண்ட காலம் நிலைப்பதும் அதுவே.

தமிழ்நாட்டில் நடைக்கு முதல் எதிரி வெயில். மே மாத மதியத்தில் காற்றின் வெப்பம் 38 அல்லது 39 பாகை இருக்கும்போது நிழலில்லாத தார்ச்சாலையின் மேற்பரப்பு 55 பாகையைத் தாண்டும். நடப்பவரை மேலிருந்து சூரியனும் கீழிருந்து தாரும் சேர்ந்து சுடுகின்றன. மரநிழலில் காற்றின் வெப்பம் ஓரிரு பாகைதான் குறையும். ஆனால் நேர்க்கதிர் மறைக்கப்படுவதாலும் தரை சூடேறாததாலும் உடல் உணரும் வெப்பம் பெரிதும் இறங்கிவிடும். இலைகள் நீரை ஆவியாக்குவது கூடுதல் குளிர்ச்சி. புளிக்குப் பெயர்போன தர்மபுரி மாவட்டத்தில் சாலையோரப் புளியமரங்கள் ஒரு தலைமுறைக்குக் குடையாக இருந்தன. சாலை அகலமாகும்போது முதலில் விழுவதும் அவையே. புதிய மனைப்பிரிவுகளில் நுழைவாயிலில் நடப்படும் அலங்காரப் பனைகள் தம் அடிமரத்துக்கே நிழல் தராதவை. புங்கனும் வேம்பும் நட்டால் சில ஆண்டுகளில் தெரு நடக்கும்படி ஆகிவிடும். அகலமான தெருவைவிட, இருபுறமும் வீடு நெருங்கிய இருபதடித் தெருவில் காலையும் மாலையும் ஏதாவது ஒரு பக்கம் நிழல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெயிலுக்கு அடுத்த எதிரி வேகம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயர்வதால், 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியைவிட 50 கி.மீ. வேகத்தில் வரும் அதே வண்டி 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் வேக வரம்பு 30 கி.மீ. ஆக இருக்க வேண்டும் என்று 2020-இல் சாலைப் பாதுகாப்பு குறித்த ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது இந்த இயற்பியலை வைத்துத்தான். குடியிருப்புத் தெருவில் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலமும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்றது இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டி. 1.8 மீட்டர் என்பது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் உரசாமல் கடக்கும் அகலம். நடைமுறையில் அந்த அகலத்தை மின்மாற்றியும் படிக்கட்டும் நிறுத்திய பைக்கும் பங்கு போட்டுக்கொள்ள, நடப்பவர் சாலையில் இறங்குகிறார்.

உடல்நலப் பயனுக்கு ஆதாரம் பழையது. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்தார். ஒரே பேருந்து, ஒரே நகரம், ஒரே வகைக் குடும்பம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அன்றாட வேலையோடு கலந்த அசைவே மருந்தாகிறது என்பதற்கு அது முதல் பெரிய சான்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைப்பாதையைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் பாதைக்கு வண்டியில் போய் நடந்துவிட்டு வண்டியில் திரும்ப வேண்டியிருப்பது நம் குடியிருப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. கடைக்குப் போய்வர பத்து நிமிடம், பேருந்து நிறுத்தத்துக்குப் போய்வர பத்து நிமிடம் என்று வைத்தால் வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிறது. அதைக் கொஞ்சம் விரைந்து நடந்தால் உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடத்தை நெருங்கிவிடலாம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

பணக் கணக்கு சின்னதாகத் தோன்றும். லிட்டருக்கு ஐம்பது கி.மீ. ஓடும் பைக்கில், பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். பள்ளி, கடை, பேருந்து நிலையம் என்று நாளைக்குப் பத்து கி.மீ. அலைந்தால் மாதம் அறுநூறு ரூபாய். வண்டித் தவணையும் சர்வீஸும் தனி. அதைவிடப் பெரிய செலவு, வண்டி ஓட்டத் தெரியாதவர் எப்போதும் இன்னொருவரை எதிர்பார்த்திருப்பது. கணவரோ மகனோ வரும்வரை மாத்திரைக்காகக் காத்திருக்கும் பெண்கள் எந்தப் பட்ஜெட்டிலும் வரவு செலவாக எழுதப்படுவதில்லை.

இந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதைச் சென்னை ஒருமுறை அனுபவித்துப் பார்த்தது. நகரின் ஆற்றங்கரைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும், ஏறத்தாழ 20,000 வீடுகள் கொண்ட பெரும்பாக்கத்திலும் கான்கிரீட் வீடுகள் தரப்பட்டன. குடிசையைவிட வீடு உறுதியானது. ஆனால் நடந்து போய்ப் பாத்திரம் தேய்த்த வீடுகளும், தள்ளுவண்டி நின்ற முனையும், பிள்ளைகள் படித்த பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிப் பேருந்துக்கு நிற்பதைவிட வேலையை விட்டுவிடுவது மேல் என்று பெண்கள் பலர் முடிவெடுத்தார்கள். வீட்டின் சுவர் கணக்கில் வந்தது, வாசலிலிருந்து தொடங்கும் தூரம் கணக்கில் வரவில்லை.

நடைத் தூரத்தைச் சட்டத்தில் எழுதிய துறை ஒன்று இந்தியாவில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடைத் தூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும் என்கின்றன. நகரங்களும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பின. 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. ஆனால் அது கடைத்தெரு. குடியிருப்புத் தெருவுக்கு அந்தக் கவனிப்பு இன்னும் வந்து சேரவில்லை. வெளிநாடுகளில் பாரிஸ் நகரம் 2020 முதல் பேசிவரும் ‘பதினைந்து நிமிட நகரம்’, பார்சிலோனாவின் ஒன்பது கட்டடத் தொகுதிகளைச் சேர்த்து உள்ளே வாகனத்தைக் குறைக்கும் ‘பெருந்தொகுதி’ ஆகிய இரண்டும் குடியிருப்பையே குறிவைத்தவை.

எல்லாவற்றையும் நடையால் எட்ட முடியாது. ஒகேனக்கல்லில் வாழ்பவருக்கு வட்டாட்சியர் அலுவலகமும் அரசு மருத்துவமனையும் மேட்டில் பென்னாகரத்தில் இருக்கின்றன. நடுவே யானை கடக்கும் காட்டுச் சாலை. அங்கே நடையைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. பேருந்துதான் கால். ஆனால் அந்தப் பேருந்தைப் பிடிக்க வீட்டிலிருந்து நடந்தே நிறுத்தத்துக்கு வர முடிகிறதா என்பது குடியிருப்பின் கையில் இருக்கிறது. நடையும் பேருந்தும் சேர்ந்தால்தான் வண்டியில்லாத வாழ்க்கை சாத்தியம்.

மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போது அதன் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவானால் திறந்தவெளியாக விடும் பத்து விழுக்காடு நிலத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பதிவானபின் தெரு எங்கே முட்டி நிற்கிறதோ அங்கேதான் முட்டி நிற்கும். வீட்டை இடித்துக் கட்டலாம், மாடி எழுப்பலாம், தெருவின் கோட்டை நகர்த்துவது அரிது. எனவே மனை பார்க்கப் போகிறவர் தரகரின் காரில் போய் இறங்கித் திரும்பிவிடக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்கு, அந்த மனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.